சின்ன போங்கோவுக்கு ஒரு தோல்

பஜனையில் மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது போங்கோவின் தோல் கிழிந்தது. இரண்டில் சின்னது. சர்ரென்று ஒரு கோடு விழுந்து என் நடுவிரல் உள்ளே போய்விட்டது. பாட்டு நிற்கவில்லை. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடும் என் மச்சான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டான். நான் பெரியதை மட்டும் தட்டிக்கொண்டு மங்களம் வரைக்கும் ஒப்பேற்றினேன். ஒரு கால் செருப்போடு நடக்கிற மாதிரி இருந்தது.

அந்த வருடத்தில் அது இரண்டாவது தோல். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோல் விற்றவனைத் திட்டினேன். பிறகு காற்றைத் திட்டினேன். எங்கள் கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு புறம் கடல், இன்னொரு புறம் வயல் தண்ணீர். உப்பு டப்பாவை மூட மறந்தால் சாயங்காலத்துக்குள் உப்பு நீர்விட்டுப் போகும். அந்த ஈரம் தோலில் ஏறினால் தோல் தொங்கிவிடும், சத்தம் செத்துவிடும். அதனால் நான் ஒவ்வொரு பஜனைக்கும் முன்னால் ஸ்பானரை வைத்து இறுக்குவேன். தோல் ஏன் கிழிகிறது என்று யார் கேட்டாலும் இந்த விளக்கம் என்னிடம் தயாராக இருந்தது.

போங்கோ தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னதும் பெரியதுமாக இரண்டு மரக் குடம், நடுவில் ஒட்டி இருக்கும். தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு விரலால் வாசிக்க வேண்டும். பெரியது பாட்டைத் தாங்கும். சின்னது பாட்டுக்கு மேலே நின்று வெட்டும். வாசிக்கிறவன் கெட்டிக்காரனா இல்லையா என்பது சின்னதில்தான் தெரியும். எங்கள் தோட்டத்துக் கோயிலில் மிருதங்கம் வாசிக்க ஆள் கிடைக்காத ஒரு காலத்தில், கல்யாண வீட்டு இசைக்குழுவில் கற்றுக்கொண்ட போங்கோவைத் தூக்கிக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். பிறகு மிருதங்கம் வந்தது, டோலாக் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பாட வராது. மந்திரம் தெரியாது. கமிட்டியில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது, சண்டையில் முடியும், அதனால் அங்கே யாரும் கூப்பிடுவதில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் ஒரு நாள், என்னை எதிர்பார்த்து ஒரு இடம் இருந்தது என்றால் அது ஆர்மோனியத்துக்கு இடப்பக்கம் விரித்த அந்தப் பாய்தான்.

அன்றைக்குப் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கும்போது மச்சான் பக்கத்தில் வந்தான். என் மனைவியின் தம்பி. எனக்கு மரியாதை குறையாமல் பேசுகிற ஆள்.

"மாமா, திருவிழா வருது. இந்த வாட்டி நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கறீங்களா? டோலாக் வச்சு ஓட்டிக்கலாம் லா."

"தோலு கிழிஞ்சா தோல மாத்தணும். ஆளையா மாத்துவாங்க?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, அவன் அக்காவைப் பார்த்தான். அவள் பொங்கலில் இருந்த முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. திருவிழாவுக்கு நான் வாசிப்பேன், புதுசாகவே ஒரு ஜோடி வாங்கி வாசிப்பேன், ஊர் பார்க்கட்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள். "நீங்க முறுக்கறது ரொம்பங்க. பாத்தாலே பயமா இருக்கு."

"ஒனக்கு போங்கோவப் பத்தி என்னா தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. கிழிஞ்சது மட்டும் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை டவுனில் இருக்கிற இசைக்கருவிக் கடைக்குப் போனோம். அவளை நான் கூப்பிடவில்லை. கார் சாவியை எடுத்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கடையில் கித்தார் வரிசைக்குப் பின்னால், மேல் தட்டில், போங்கோக்கள் தூசி படிந்து இருந்தன. கடைக்காரச் சீன அம்மா ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார்.

போங்கோ வாங்கும்போது பலர் பார்ப்பது பளபளப்பை. நான் முதலில் அடியில் பார்ப்பேன். மரம் ஒரே துண்டு போல இறுகி ஒட்டியிருக்கிறதா, உள்பக்கம் சொரசொரப்பில்லாமல் இழைத்திருக்கிறார்களா என்று விரலை விட்டுத் தடவ வேண்டும். பிறகு இரும்பு வளையம். அதன் விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் விரல் வீங்கிவிடும். இறுக்குகிற கம்பிகள் நேராக நிற்க வேண்டும், மரை சுலபமாகச் சுற்ற வேண்டும். ஃபைபர் கிளாஸ் ஓட்டில் செய்த ஒன்று இருந்தது. சத்தம் பெரிது, ஆனால் மடியில் வைத்தால் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்ட மாதிரி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேன் நிறத்தில் ஒரு மர ஜோடி. கனம் சரி, வளையம் சரி. முழங்காலில் வைத்ததும் உட்கார்ந்துகொண்டது.

தோல்தான் சரியில்லை.

சின்னதைத் தட்டினேன். தொப். இறுக்கித் தரச் சொன்னேன். கடைக்கார அம்மா ஸ்பானரைப் போட்டுச் சுற்றினார். தட்டினேன். தொப். இன்னும் இறுக்கச் சொன்னேன். அவர் சுற்றினார், தானே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். போதும் அங்கிள், இதற்கு மேல் போனால் தோல் போய்விடும் என்று மலாயில் சொன்னார். அப்படியென்றால் உங்கள் தோலில் உயிரில்லை என்று நானும் மலாயில் சொன்னேன். பிளாஸ்டிக் தோல் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஈரம் ஏறாது, வருஷக்கணக்கில் நிற்கும் என்றார். தட்டிப் பார்த்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பது போல் இருந்தது. கோயிலில் சாமி முன்னால் வாளியா தட்டுவேன்?

மனைவி அதுவரைக்கும் சும்மா நின்றவள் மெல்லக் கேட்டாள். "ஏங்க, இந்தத் தோலு மாட்டுத் தோலா?"

"பின்ன?"

"கோயிலுக்குள்ள கொண்டு போறோமே."

"ஒன் தம்பி பக்கத்துல ஒருத்தரு மிருதங்கம் வச்சிருக்காரே, அது என்னா வாழ எலையிலயா கட்டியிருக்கு?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தோலைப் பார்த்து ஒரு பெருமூச்சு வரும் என்று தெரிந்துவிட்டது. எனக்கும் அந்தத் தோல் வேண்டாம். ஜோடியை வாங்கிக்கொண்டோம். பெரியதை அவள் பொறுத்துக்கொள்வாள், சின்னதுக்கு மட்டும் ஆட்டுத் தோல் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. ஆட்டுத் தோல் மெல்லிசு, கணீரென்று பேசும்.

ஆட்டுத் தோலுக்கு யாரிடம் போவது என்பது எங்கள் வட்டாரத்தில் பெரிய கேள்வி இல்லை. மலாய்க்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் கொம்பாங் தட்டிக்கொண்டு போவார்களே, அது ஆட்டுத் தோல். அதைக் கட்டுகிற ஒரு பெரியவர் சுங்கை பஞ்சாங்கில் இருக்கிறார் என்று ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வழி சொல்லியிருந்தார். மறுநாளே கிளம்பினோம். தஞ்சோங் காராங்கில் நிறுத்தி மனைவி மாம்பழம் வாங்கினாள். அங்கிருந்து ரோடு வாய்க்காலை ஒட்டியே போகும். முன்னால் ஒரு செம்பனைக் குலை லோரி. அதைத் தாண்ட முடியாமல் சுங்கை பஞ்சாங் வரைக்கும் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். அன்றைக்கு எல்லாமே எனக்கு எதிராக இருந்த மாதிரி ஒரு எரிச்சல்.

பெரியவர் வீட்டுக் கார் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தார். என் போங்கோவை வாங்கிப் புரட்டிப் பார்த்து, இது கியூபாக்காரன் கொம்பாங் என்று சிரித்தார். கம்பியில் தொங்கிய தோல்களில் இரண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கிடாத் தோல் தடிப்பு, இதற்குப் பெட்டை ஆட்டுத் தோல்தான் சரி, குட்டி போட்ட ஆட்டின் தோல் இன்னும் நல்லது என்றார். வெளிச்சத்தில் அதில் நரம்பு ஓடிய தடம் தெரிந்தது. ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம், உண்ணி கடித்த இடம். அந்த இடத்தை விட்டுவிட்டு முதுகுப் பக்கத்தில் வெட்டுகிறேன் என்றார். மனைவிக்கு முழுத் திருப்தி. ஊறப்போட்டு, வளையத்தில் சுற்றி, நிழலில் காய வைக்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். மாம்பழத்தில் பாதியை அங்கே கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் போனபோது போங்கோ தயாராக இருந்தது. தோல் பால் நிறத்தில், அழகாக இருந்தது. பெரியவர் மடியில் வைத்துத் தானே சின்னதில் நாலு தட்டுத் தட்டினார். என் மனைவி முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குத் தொப் என்று கேட்டது.

நான் வாங்கித் தட்டினேன். தொப், தொப். பெரியதுக்கும் சின்னதுக்கும் அண்ணன் தம்பி வித்தியாசம்தான். சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தட்டினேன். இன்னொரு சுற்று. தோல் முனகியிருக்க வேண்டும், பெரியவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் தம்பி, வேண்டாம் என்றார். பிடித்த கையை விடாமலே என் மனைவி பக்கம் திரும்பி, இவருக்குக் காது கேட்கிறதா என்று கேட்டார்.

கேட்டது அவளை, என்னை இல்லை. இதோ உட்கார்ந்திருக்கிறேன், மலாய் எனக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், கேட்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். கொட்டகைச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன். "வாயில என்னா கொழுக்கட்டையா? காது நல்லாத்தான் கேக்குதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"எதுடி பொய்?"

"வாஷிங் மெஷின் முடிஞ்சா பீப்பீன்னு கத்துது, பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. கெட்டில் விசிலடிச்சா நான் குசினியிலேருந்து ஓடியாறேன், நீங்க அதுக்குப் பக்கத்துலயே நிக்கிறீங்க. பேசறது கேக்குது. மெல்லிசாக் கத்தற எதுவும் ஒங்களுக்குக் கேக்கலங்க. ரொம்ப நாளாவே கேக்கல."

"அதுக்கும் போங்கோவுக்கும் என்னா?"

"அந்தச் சின்னது எங்களுக்கெல்லாம் ஊசி மாதிரிக் கேக்குது. நீங்க கேக்கலன்னு முறுக்கறீங்க. முறுக்க முறுக்க அது காதக் கிழிக்குது. அப்பறோம் தோலும் கிழியுது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளும் என்னை மாதிரிதான், ஆரம்பித்தால் முடிக்காமல் விட மாட்டாள்.

"போன தீபாவளிக்கி முன்னாலேருந்து ஒங்க மைக்க மூடித்தான் வச்சிருக்கான் தம்பி."

மச்சானின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிக்சர் பெட்டி இருக்கும். யாருடைய மைக் எவ்வளவு என்று அவன்தான் திருகுவான். என் முன்னாலும் ஒரு மைக் நிற்கும். அதன் தலையில் மஞ்சள் பஞ்சுக் குல்லா போட்டு, நான் உட்காருவதற்கு முன்னால் அவனே வந்து உயரத்தைச் சரி செய்து வைப்பான்.

வாய்க்கால் ஓரத்தில் காரை நிறுத்தி இறங்கினேன். நாற்று விட்ட வயல், பச்சை ஒரே மட்டமாக. ஒரு கொக்கு. நான் எதையும் பார்க்கவில்லை. செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். ஒரு வருடத்துக்குப் பக்கமாக, ஆளுக்கு ஆள், "நல்லா இருந்துச்சு மாமா", "பின்னிட்டீங்கண்ணே" என்று சொல்லிப் பொங்கல் கொடுத்திருக்கிறார்கள். பூசாரி உட்பட. வயதான மனுஷன் மனம் நோகக் கூடாதாம். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? நான் அத்தனை சனிக்கிழமையும் சட்டை மாற்றி, விபூதி பூசி, ஸ்பானர் எடுத்துப் போய், செத்த மைக்குக்கு வாசித்திருக்கிறேன். அவமானத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

அவள் காரை விட்டு இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுருவீங்க. விட்டுட்டு வீட்டுல ஒக்காந்து நாள் பூரா என்னத் திட்டுவீங்க."

பிறகு அவளே சொன்னாள். "அதுக்கு இல்லங்க. வாசிக்கிறப்பதான் நீங்க சந்தோசமா இருக்கீங்க. அத நான் போயிக் கெடுக்கணுமா?"

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்தினேன். பிறகு வெகுநேரம் அழுத்த எதுவுமே வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கையை ஆட்டினேன். வெளியே இருந்த டாக்டர் அம்மா, மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சைகை காட்டினார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு, பாய்லர் என்றதும் தலையை ஆட்டினார். ஆலையில் காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். வைத்தால் வியர்வையில் ஊறி, குனியும்போது விழுந்துவிடும். கீச்சுச் சத்தம் போனது போனதுதான், திரும்பாது என்றார். காதுக் கருவி போட்டால் பேச்சு நன்றாகக் கேட்கும், டீவியும் கேட்கும். என் வீட்டுக்காரி விடாமல் போங்கோவைப் பற்றிக் கேட்டாள். கேட்கும், ஆனால் பிஸ்கட் டின் மாதிரிக் கேட்கலாம், அவருக்குப் பழக்கமான சத்தமாக இருக்காது என்றார். நல்ல டாக்டர். சுற்றி வளைக்கவில்லை. கருவியைத் திருவிழாவுக்குப் பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டோம்.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலி இழுத்துப் போட்டான்.

"ஏம்பா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்டி மாமா சொல்றது? எங்கப்பா போனப்பறோம் என் கல்யாணத்துக்கு முன்ன நின்னு செஞ்சது நீங்க. ஒங்ககிட்ட வந்து வாசிக்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

"கத்துவேன்னு பயம். அதான?"

கொஞ்சம் யோசித்தான். "அதுவுந்தான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும். சிரித்து முடித்ததும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். திருவிழா அன்றைக்கு என் மைக்கைத் திறந்து வைக்க வேண்டும். மரியாதைக்காக அரைகுறையாக இல்லை, டோலாக்குக்கு எவ்வளவோ அவ்வளவு. சின்னது காதைக் கிழித்தால் முதல் பாட்டோடு நானே எழுந்து போய்விடுகிறேன், பிறகு அந்தப் பாய்க்கு வர மாட்டேன். நன்றாக இருந்தால் இருக்கிறேன். ஆனால் இனி ஒரு தடவை மூடுவதாக இருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மூடு.

"சரி மாமா" என்றான்.

தோல் கட்டுகிறவர் சின்னதை எங்கே நிறுத்தியிருந்தாரோ, அதை நான் ஏற்கெனவே கெடுத்திருந்தேன். அதைச் சரி பண்ண என் காது ஆகாது. ஆகவே கூடத்தில் பாயை விரித்து என் மனைவியை எதிரில் உட்கார வைத்து, கையில் ஸ்பானரைக் கொடுத்தேன். மாவு பிசைகிற கை. முதலில் சுற்றவே பயந்தாள். எதிரெதிரான கம்பிகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், ஒரே பக்கமாகப் போகக் கூடாது என்று சொன்னேன். நான் ஒவ்வொரு கம்பிக்குப் பக்கத்திலும் விரலால் தட்ட, அவள் காதை நீட்டிக் கேட்டாள்.

"இது எறங்கி இருக்கு. அது ஏறி இருக்கு. இல்ல, நீங்க அந்தாண்ட தட்டுங்க. ஆங், இப்ப ரெண்டும் ஒன்னாப் போச்சு."

எனக்கு எல்லாம் ஒரே தொப். அவள் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சொல்லி நான் எதையும் மறு பேச்சில்லாமல் கேட்டதில்லை, காரில் எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக்கூட. அன்றைக்கு அவள் "போதும்" என்ற இடத்தில் என் கை பரபரத்தது. இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்று விரல் சொன்னது.

"தலகாணி மாதிரி இருக்கு" என்றேன்.

"அது ஒங்களுக்கு" என்றாள். ஸ்பானரைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

திருவிழா அன்று பகல் பூசைக்கும் அன்னதானத்துக்கும் இடையில் எங்கள் பஜனை. புது வாத்தியம் என்பதால் சாமி முன்னால் வைத்து, பூசாரி இரண்டு தோலிலும் குங்குமம் வைத்துக் கொடுத்தார். தகரப் பந்தலுக்குக் கீழே நல்ல வெக்கை. ஆட்கள் நிறைய. சுங்கை பூலோவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும், தோட்டத்து லயத்து வீடுகளை இடித்த பிறகு வெளியேறிப் போன குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. கல்யாண வீடுகளில் எத்தனையோ கூட்டம் பார்த்தவன். அன்றைக்கு இல்லாத ஸ்பானரைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினேன்.

மச்சான் உட்கார்ந்தான். மிக்சரில் குனிந்து ஒரு குமிழைத் திருகினான், திருகிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

முதல் பாட்டில் நான் என் வாத்தியத்தைக் கேட்கவில்லை. கேட்டால் கை தானாக ஓங்கி அடிக்கும் என்று தெரியும். விரலின் கீழே தோல் துள்ளுவதை மட்டும் வைத்து வாசித்தேன். கண் முழுக்க ஆட்களின் முகத்தில். யாராவது காதைப் பொத்துகிறார்களா? தூங்குகிற பிள்ளை எதுவும் திடுக்கிட்டு எழுகிறதா? மச்சானின் நெற்றி சுருங்குகிறதா? பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் என் மனைவி கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை மூடியிருந்தாள். முகத்தைப் படிக்க முடியவில்லை. பாட்டு வேகம் எடுத்தது. சின்னதில் வெட்ட வேண்டிய இடம் வந்தது. வெட்டினேன். எனக்குத் தலையணை. கூட்டத்தில் கை தட்டல் என் விரலோடு சேர்ந்துகொண்டது. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் எழுந்திருப்பதற்காக முழங்காலைத் தளர்த்தினேன். சுளிக்காத முகங்களை ஒரு வருடமாக நம்பி ஏமாந்தவன், சொன்ன சொல் சொன்னதுதானே. மச்சான் ஆர்மோனியத்தில் கை வைத்தபடி என் பக்கம் சாய்ந்தான்.

"ஒக்காருங்க மாமா. இன்னும் கொஞ்சம் ஏத்தி விடறேன்."

குமிழை மேலே திருகினான். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு மங்களம் வரைக்கும் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். பல பேர் வந்து நன்றாக இருந்தது என்றார்கள். போன வருடமும் அப்படித்தான் சொன்னார்கள், ஆகவே அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அவளிடம் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"நல்லா இருந்துச்சுன்னா?"

"அந்தச் சின்னது பாட்டுக்கு மேல தனியாக் கேட்டுச்சு. அழகா இருந்துச்சு."

"அழகான்னா எப்டி? எந்த மாதிரி?"

அவள் உடம்பை என் பக்கம் திருப்பி, நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, கடைசிப் பாட்டில் நான் வாசித்ததை வாயால் மெல்லிசாகச் செய்து காட்டினாள். நான் அவள் வாயையே பார்த்தேன். தாளம் தப்பவில்லை. எந்த இடத்தில் வெட்டினேன், எந்த இடத்தில் விட்டுப் பிடித்தேன் என்று ஒவ்வொரு அடியும் நாக்கில் சரியாக விழுந்தது. ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை.

"இப்டி" என்றாள்.

"ம்" என்றேன். "நல்லாத்தான் இருக்கு."